பத்மாசனி சுட்ட பாண்

உள்ளங்கையில் விழுந்த துண்டு தான் சுட்டதல்ல என்பது, அதை வாயில் வைப்பதற்கு முன்பே பத்மாசனிக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சு மாதிரிக் கிடந்தது. வெள்ளைவெளேரென்று, ஓரமில்லாமல், விரலால் தொட்டால் அமுங்கி எழும்புகிற கடைப் பாண். அவள் சுட்டது கறுத்தப் பாண். ஆட்டாமா கலந்து, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கொஞ்சம் வெடித்துப் போயிருந்தது. போதகர் ஐயா அதற்குள் அடுத்த கைக்கு நகர்ந்துவிட்டார். மற்ற நாட்களில் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துப் பேர் சொல்லிக் கொடுக்கிற மனிதர், இன்றைக்கு அவளுடைய கையை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது வாய் திறந்து கேட்க முடியுமா? துண்டை வாயில் போட்டாள். இனித்தது. தொண்டை அதை வாங்க மாட்டேனென்றது. துப்பவும் வழியில்லை.

"என்னப்பா, சிக்கிட்டுதோ?" பக்கத்தில் முழங்காலில் நின்ற புருசன் யோகலிங்கம் மெல்லக் கேட்டான்.

"உது என்ர பாண் இல்லை."

"எல்லாம் பாண்தானே. எழும்பும், பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

அவள் எழும்பினாள். இருக்கைக்குத் திரும்பி நடக்கும்போது நேற்றுப் பின்னேரம் முழுக்கத் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்த கைகளைப் பார்த்தாள். நகக்கண் சிவந்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில் ஆரம்பித்தது. பாலையூற்றுச் சபைக்குப் புதிதாக வந்த போதகருக்கு வயது குறைவு, ஆசை கூட. சபை என்பது ஓர் உடம்பு, அதில் இருக்கிற எல்லாருக்கும் ஒவ்வொரு வரம் உண்டு, எந்த வரமும் சின்னதில்லை என்று கிழமைக்குக் கிழமை பிரசங்கம் செய்தார். பிரசங்கத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற தர்சிகாவைப் பிடித்து, ஆளுயரத் தாளில் ஒரு மனித உடம்பைக் கீறுவித்து, கோயில் மண்டபத்துச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொருவரும் தங்கள் பேரையும் வரத்தையும் நிறத் தாளில் எழுதி, உடம்பில் உரிய இடத்தில் ஒட்ட வேண்டுமாம். பாடுகிறவர்கள் எல்லாரும் வாயில் போய் ஒட்டினார்கள். வாய் கொள்ளாமல் கன்னமெல்லாம் பேர். படித்தவர்கள் கூச்சமில்லாமல் தலைக்குப் போனார்கள். சபைக் காரியதரிசியின் மனைவி வயலெற், பிறந்தநாளென்றாலும் நத்தாரென்றாலும் கேக் அடிக்கிறவள், தன் பேரை வலது கையில், அதுவும் உள்ளங்கைக்கு நடுவில், பூப்போட்டு ஒட்டினாள். துறைமுகத்தில் மா மூட்டை சுமந்து சுமந்து வளைந்துபோன யோகலிங்கம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பந்தல் போடுவதும் கதிரை தூக்குவதும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பதும் சபையில் அவன்தான். "ஐயா, என்ர வரம் முதுகு. நீங்கள் முன்பக்கம் மட்டும் கீறி வச்சிருக்கிறீங்கள். நான் எங்கை ஒட்டுறது?" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் அவனுடைய தாள் உடம்புக்கு வெளியே, வெறும் சுவரில் ஒட்டப்பட்டது. அவனும் சிரித்தான்.

பத்மாசனியின் தாளை வேறு யாரோ எழுதிவிட்டார்கள். 'பத்மாசனி - சுத்தம்' என்று. ஒட்டிய இடம் குதிக்கால்.

அவள் கோயிலைக் கூட்டுகிறவள் அல்ல. சபையில் ஒரு பொம்பிளை செத்தால் அந்த உடம்பைக் குளிப்பாட்டி உடுப்புப் போடுகிறவள். பிரேதம் எடுக்க மலர்ச்சாலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். அவர்கள் கையில் தாயையும் சகோதரியையும் கொடுக்க மனமில்லாத வீடுகள் முதலில் தேடுவது அவளைத்தான். சல்லி என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவள். கடல் ஊருக்குள் வந்த வருசம், பள்ளிக்கூடத்து விறாந்தையில் கிடத்தியிருந்த பெண்களை, மண்ணும் பாசியும் அப்பிக் கிடந்த அயல்வீட்டுப் பெண்களை, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது வாளியோடு போய்க் கழுவினாள். அன்றைக்குத் தொடங்கியது. யோகலிங்கத்தோடு சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தபோது தெபோராள் என்று ஒரு பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. விடியற்காலையில் டவுன் மாக்கற்றில் மீன் வெட்டுவாள். செத்தவீடென்று போனில் கோல் வந்தால் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். காசு வாங்க மாட்டாள். கேட்டவர்களும் இல்லை. 'பிரேதம் குளிப்பாட்டல்' என்று எழுதி ஒட்டினால் படம் வடிவாயிராது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

அந்த யாரோ வயலெற் என்று அவளுக்கு அப்போதே சந்தேகம். ஆனால் வயலெற்றின் தமக்கை ஞானத்துக்காகப் பொறுத்தாள். கலியாணம் கட்டாத ஞானமும் அவளும் வருசக்கணக்காகக் கடைசி வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். நீண்ட பிரசங்கத்தில் ஞானம் நித்திரையாகி விழாமல் இவள் முழங்கையால் இடிப்பாள். பாரிசவாதம் வந்து ஞானம் தங்கை வீட்டுப் பின்னறையில் விழுந்த பிறகு, மாக்கற்றால் வரும் வழியில் இவள் எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் ஞானம் கோணிய வாயால் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள். "அந்த ஆம்பிளையளிட்டை... என்னைக் குடுத்திராதை. நீதான்." "உமக்கென்ன, என்னையும் அனுப்பிப்போட்டுத்தான் போவீர்" என்று பத்மாசனி சிரித்தாள். ஞானம் சிரிக்கவில்லை. கையை விடவும் இல்லை.

பிறகுதான் போதகர் அடுத்த திட்டத்தைக் கொண்டுவந்தார். திருவிருந்துக்குரிய அப்பத்தை இனிக் கடையில் வாங்குவதில்லை. மாதத்துக்கொரு வீடு சுட்டுக் கொண்டுவர வேண்டும். பேர்களை வரிசையாக வாசித்தார். பத்மாசனியின் பேரும் இருந்தது. அடுத்த நாள் மாக்கற்றில் அவள் வெட்டிய மீனெல்லாம் கோணல்மாணலாகப் போனது. வீட்டில் பாண் சுடுகிற அவண் அடுப்பு இல்லை. பக்கத்து வளவில் ஓடர் எடுத்துப் பாணும் பணிஸும் சுட்டு விற்கிற சுஹைராவிடம் போய் நின்றாள்.

"ஒங்கட கோயிலுக்கா? என்ட அவண்லயா?" சுஹைரா இடுப்பில் கை வைத்தாள். "பத்மாக்கா, தெரிஞ்சா ஒங்கட ஆக்கள் எனக்கும் ஞானஸ்நானம் தந்துருவாங்களே."

"உமக்குத் தண்ணி காணாது. கடலுக்குள்ளைதான் இறக்க வேணும்."

சுஹைரா மா தந்தாள், ஈஸ்ற் தந்தாள், அவணைக் காட்டினாள். மாவை மட்டும் தொடவில்லை. "நீங்க பிசைங்க. ஒங்கட நேத்தி. ஒங்கட கைதான் படணும்." பத்மாசனி பிசைந்தாள். பிசையப் பிசைய மா கைக்குள் உயிர் வந்தது மாதிரி இளகியது. அந்தக் கை குளிர்ந்து விறைத்த எத்தனையோ உடம்புகளைத் தொட்டது. தொடத் தொடச் சூடாகிற ஒன்றைப் பிடிப்பது அன்றைக்குப் புதிதாக இருந்தது. வெந்த பாணைத் தன் புதுச் சீலைத் துண்டில் முடிந்து கொண்டுபோய் விடியவே கோயில் குசினியில் வைத்தாள்.

ஆராதனை முடிந்ததும் நேராக அந்தக் குசினிக்குத்தான் போனாள். பாண் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அவள் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. வயலெற் தேத்தண்ணிக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வயலெற் அக்கா, என்ர பாண் ஏன் இஞ்ச கிடக்கு?"

கத்தி நின்றது. "அதோ... அது கொஞ்சம் கல்லு மாதிரியெல்லோ பத்மா. ஐயாவுக்குப் பிய்க்கக் கஷ்டமாயிருக்கும் எண்டு..."

"நீங்கள் பிச்சுப் பாத்தனீங்களோ? முடிச்சே அவிழ்க்கேல்லை."

"சத்தம் போடாதையும்."

"நான் இன்னும் சத்தம் போடத் தொடங்கேல்லை."

வயலெற் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ளதைச் சொல்லட்டோ? சனம் கதைக்குது. நீர் செத்தவீடு செத்தவீடாப் போற ஆள். மீனும் வெட்டுறீர். உம்மட கையிலை பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா வாயிலை வைக்கிற சாமான். சில பேருக்கு மனம் ஒப்பாதுதானே."

பத்மாசனி தன் கையை அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்கட மாமி செத்த அண்டைக்கு அந்த மனம் எங்கை போயிருந்தது? திறந்து கிடந்த அவவின்ர வாயை மூடித் தாடையைக் கட்டினது இந்தக் கை. செத்த வாயைத் தொடலாம், இருக்கிற வாய்க்குக் குடுக்க ஏலாதோ?"

மண்டபத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. போதகர் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சுதான் மாத்தினதோ?"

அவர் கழுத்துப் பட்டியை விரலால் தளர்த்தினார். "அக்கா, சபையின்ர சமாதானத்துக்காகத்தான். பலவீனமான மனச்சாட்சி உள்ள ஆக்களையும் நாங்கள் யோசிக்க வேணும். கோவிக்காதேங்கோ. அடுத்த முறை பாப்பம்."

"அடுத்த முறை ஆரின்ர செத்தவீடு ஐயா?"

பத்மாசனி எறும்பைத் தட்டிவிட்டுப் பாணைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தாள். சுவரில் அந்த உடம்பு கையை விரித்துக்கொண்டு நின்றது. குனிந்து, குதிக்காலிலிருந்த தன் பேரைப் பிடித்து இழுத்தாள். தர்சிகா நல்ல பசை பூசியிருந்தாள். பேரோடு குதிக்காலும் கிழிந்து கையில் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோகலிங்கம் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். "குதிக்கால் இல்லாம உந்த உடம்பு இனி நொண்டி நொண்டித்தான் நடக்கப்போகுது."

"உங்களைச் சுவரிலை ஒட்டினவங்கள். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனீங்கள்."

அதற்குப் பிறகு சுடுமணலில் செருப்பு இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேலிக்கு மேலால் சுஹைரா தலையை நீட்டினாள். "என்ன பத்மாக்கா, பாண் எப்பிடி? எல்லாரும் சாப்பிட்டாங்களா?"

"ஓம். நல்லாயிருந்ததாம்."

பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வயலெற் சொன்னதைவிட இதுதான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது. மாவுக்கும் நெருப்புக்கும் கணக்குப் பார்க்காமல் தந்த அயல்காரியிடம், தன் சபையின் மானத்தை மறைக்கத் தான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பாணைச் சாப்பிடவும் மனம் வரவில்லை, எறியவும் கை வரவில்லை. பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடினாள். இனி எந்தச் செத்தவீட்டுக்கும் போவதில்லை என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். சபையில் ஒருத்தி செத்து நாறினாலும் போவதில்லை.

கிழமை நடுவில் போதகர் மாக்கற்றுக்கு வந்தார். ஈரத் தரையில் சப்பாத்து நனையாமல் தூணோரமாக நின்றார். பத்மாசனி பாரை மீன் ஒன்றின் தலையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் விளங்கிவிட்டது. அந்த இடத்துக்கு வேறெதற்கும் அவர் வந்ததில்லை.

"அக்கா, ஞானம் அன்ரி விடியக்கை போயிற்றா."

கத்தி மீனுக்குள் பாதியில் நின்றது. பிறகு மிச்சத்தையும் வெட்டியது.

"மலர்ச்சாலைக்காரர் இருக்கினம்தானே."

"வான் வந்து நிக்குது. ஆனா அவ முதலே எல்லாரிட்டையும் சொல்லி வச்சவவாம், நீங்கள்தான் எண்டு. வயலெற் அன்ரி என்னைக் கேட்டு அனுப்பினவ."

"அவ வரேல்லை."

"அவ அழுதுகொண்டிருக்கிறா அக்கா."

"பலவீனமான மனச்சாட்சி," என்றாள் பத்மாசனி. மீன் வாங்க நின்ற மனிசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, கத்தியை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். சிவந்த தண்ணீர் போதகரின் சப்பாத்துப் பக்கம் ஓடியது. அவர் பின்னுக்கு அடி வைத்தார்.

மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோது யோகலிங்கம் வாசல்படியில் குந்தியிருந்தான். செய்தி அவனுக்கு முன்னமே வந்திருந்தது. அவனுடைய முகத்தில் பகிடி இல்லை. அப்படியொரு முகத்தை அவள் கண்டு கனகாலம்.

"போகாதையும். ஒருக்காவாவது மாட்டன் எண்டு சொல்லும். நான் ஒருநாளும் சொல்லேல்லை, அதுதான் எனக்கு இந்த முதுகு."

"நான் வயலெற்றிட்டைப் போகேல்லை. ஞானத்திட்டைப் போறன்." தகரத்தைத் திறந்தாள். பாண் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. இப்போது வயலெற் சொன்னது உண்மைதான். அதே சீலைத் துண்டில் முடிந்து உடுப்புப் பைக்குள் வைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அதை அங்கே விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

வயலெற் வீட்டு முன்விறாந்தையில் சபைப் பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். அவளைக் கண்டதும் பாட்டு ஒரு கணம் தடக்கிப் பிறகு தொடர்ந்தது. ஒருத்தி நகர்ந்து வழி விட்டாள், சீலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே. பின்னறையில் வெந்நீரும் புதுச் சவர்க்காரமும் ஓடிக்கொலோன் போத்தலும் எடுத்து வைத்திருந்தார்கள். ஞானம் கட்டிலில் சுருங்கிக் கிடந்தாள். கோணிய வாய் இப்போது நேராகிவிட்டது போலிருந்தது. வயலெற் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"வந்திட்டீர் பத்மா. கர்த்தர் உமக்குக் குறை வைக்க மாட்டார். நான் வெளியிலை நிக்கிறன். என்ன வேணுமெண்டாலும் கூப்பிடும்."

"நீங்கள்தான் வேணும். வாங்கோ."

"நானோ?"

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. தனிய நான் செய்யன். இல்லாட்டி இப்பவே போறன். வான் வெளியிலைதான் நிக்குது."

வயலெற்றின் முகம் சிறுபிள்ளையின் முகம் மாதிரிக் கோணியது. "எனக்கு ஏலாது பத்மா. அம்மாவையும் நான் தொடேல்லை. கை நடுங்கும்."

"நடுங்கட்டும். தண்ணி ஊத்த அது காணும்."

கதவு சாத்தப்பட்டது. வயலெற் சுவரோடு சுவராக வந்து வாளியைப் பிடித்தாள். பத்மாசனி வழமைபோல் முகத்திலிருந்து தொடங்கினாள். நெற்றி, கண், காதுமடலின் பின்புறம். மற்ற வீடுகளில் செத்தவளோடு கதைத்துக்கொண்டே குளிப்பாட்டுவாள். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். ஞானத்தைப் பக்கவாட்டில் பிரட்டியபோது முதுகின் அடியில் அந்தப் புண் தெரிந்தது. படுக்கைப் புண். பழைய பிளாஸ்ரர் அதில் ஊறிக் கிடந்தது. உள்ளங்கை கொள்ளாத அளவு. அவள் எட்டிப் பார்த்த நாட்களிலெல்லாம் ஞானம் கழுத்துவரை போர்வைக்குள்தான் கிடந்தாள்.

வாளி தரையில் இடித்தது. "பிரட்டிப் பிரட்டி விடச் சொல்லித்தான் டொக்டர் சொன்னவர்," வயலெற்றின் குரல் உடைந்தது. "கஞ்சி காச்சிக் குடுத்தனான். உடுப்புத் தோய்ச்சனான். தொடத்தான்... ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வச்சனான், அவளும் வேலையை விட்டு நிண்டிட்டாள்."

பத்மாசனி வயலெற்றின் கையைப் பார்த்தாள். ஒரு கிழவியின் முதுகு அழுகிக்கொண்டிருந்தது. இந்தக் கை முட்டை அடித்துச் சீனிப் பூ வைத்துக்கொண்டிருந்தது. படத்தில் உள்ளங்கைக்கு நடுவில் ஒட்டியது இந்தக் கையைத்தான். துணியை வெந்நீரில் பிழிந்து அந்தக் கைக்குள் திணித்தாள்.

"துடையுங்கோ."

"நோகுமோ..."

"இனி நோகாது. நோகேக்கை துடைச்சிருக்க வேணும்."

வயலெற் துடைத்தாள். முதலில் துணியின் நுனியால், பூச்சியைத் தட்டுகிறவள் போல. பிறகு துணி வழுக்கி விழுந்து வெறும் விரல்கள் தோலில் பட்டன. எடுக்கப் போனாள். எடுக்கவில்லை. தமக்கையின் முதுகில் கையை வைத்தபடி அப்படியே குனிந்து, வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதாள். பத்மாசனி தண்ணீர் ஊற்றினாள். இருவரும் வெள்ளைச் சீலையைச் சுற்றினார்கள். ஞானத்தின் கைகளை நெஞ்சில் சேர்த்து வைக்கும்போது, அன்றைக்குத் தன்னை விடாமல் பிடித்திருந்த அந்தக் கையைப் பத்மாசனி ஒருமுறை அழுத்தினாள்.

குளிப்பாட்டியவள் பின்கதவால் கிணற்றடிக்குப் போக வேண்டும். தலைக்குத் தண்ணீர் வார்த்து உடுப்பு மாற்றும்வரை வீட்டுக்குள் எதையும் தொடக் கூடாது. அவள் வருகிற எல்லா வீட்டிலும் இதுதான். தேத்தண்ணி கிணற்றுக் கட்டில் வந்திருக்கும், அதற்கென்று ஒதுக்கிய ஒரு சில்வர் கோப்பையில். இன்றைக்கும் தர்சிகா கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். திரும்பியவள் பின்கதவால் இரண்டு பேர் வருவதைக் கண்டு நின்றாள். கிணற்றுக் கட்டில் இருந்தது ஒரு கோப்பைதான். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

வயலெற் கையிரண்டையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களிலிருந்து தண்ணீர் முழங்கைக்கு வழிந்தது. "வாளியை எடும் பத்மா, கெதியா ஊத்தும்."

பத்மாசனி வாளியை எடுக்கவில்லை. கிணற்றடியில் வைத்திருந்த பையைத் திறந்து முடிச்சை அவிழ்த்தாள். பாணைக் கையால் பிய்க்கப் பார்த்தாள். முடியவில்லை. கிணற்றுக் கட்டில் ஓங்கி அடித்தாள். இரண்டாக உடைந்து பொருக்குகள் சிதறின. மதிலிலிருந்த காகம் எழும்பி மறுபடி குந்தியது.

"என்ன இது?" என்றாள் வயலெற். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்வை அந்தச் சீலைத் துண்டில் நின்றது.

"குளிக்க முதல்," என்றாள் பத்மாசனி.

பாதிப் பாணை நீட்டினாள். முன்விறாந்தையில் பாட்டு முடிந்து போதகரின் குரல் ஜெபத்தைத் தொடங்கியிருந்தது. வயலெற்றின் கை இடுப்பளவுக்கு எழும்பி, அந்தரத்தில் நின்றது. அதன் நகங்களுக்குள் தமக்கையின் சவர்க்கார நுரை இன்னும் வெள்ளையாக இருந்தது. பத்மாசனி நீட்டிய கையை மடக்கவில்லை. அவளுடைய விரல்களில் நின்ற தண்ணீரைக் காய்ந்த பாண் குடித்துக்கொண்டிருந்தது. கல்லாய்க் கிடந்த அதன் ஓரம், அவள் பிடித்திருந்த இடத்தில், மெல்ல இளகத் தொடங்கியது.